நான்காவது வரி

பிஷ்கேக்
நவம்பர் 12, 2018

ரிஸ்பெக்குக்கு,

உன் அக்கா சாய்ராகான் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். கை, கால், விரல் எதுவும் எண்ணிக்கையில் குறையவில்லை. நீ விசாரிக்கவில்லை, நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று ஆண்டுகளாக எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். பாசம் பொங்கிவிடவில்லை. வியாழக்கிழமை தோறும் எங்களுக்குச் சூப் வண்டி கொண்டுவரும் கலிபா, போன வாரம் சூப்போடு ஆளுக்கொரு துண்டறிக்கை கொடுத்தாள். 'வீடற்றோருக்கான குளிர்காலக் குறிப்புகள்.' அடியில் உன் பெயர், பெயருக்குப் பின்னால் பதவி, சுகாதார நிலையத்தின் முத்திரை. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில்தான் இதை எழுதுகிறேன். உன் அறிக்கையில் உருப்படியான பக்கம் அதுதான்.

முதல் வரியில், வெந்நீரும் சோப்பும் கொண்டு இருபது நொடி கை கழுவச் சொல்கிறாய். எங்கள் வெந்நீர் இரும்புக் குழாய்க்குள் ஓடுகிறது. ஒன்பது மாடி வீடுகளுக்குப் போகிறது. பூமிக்கடியில் அந்தக் குழாய் ஓரமாகத்தான் நாங்கள் படுக்கிறோம். ஒரு சொட்டு எங்கள் கைக்கு வராது. இரண்டாவது வரியில், மிஞ்சிய உணவைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்கிறாய். நவம்பர் பிறந்தால் ஊரே எங்களுக்குக் குளிர்பதனப் பெட்டி. மிஞ்சுவது என்றால் என்ன என்பதையும் அடுத்த அறிக்கையில் விளக்கிவிடு. மூன்றாவது வரி, ஈரக் காலுறையை உடனே மாற்ற வேண்டுமாம். அதை நான் உரக்கப் படித்தபோது எங்கள் குழியில் சிரிக்காதவர் இல்லை.

இதெல்லாம் வெறும் மடத்தனம். மடத்தனத்தால் ஆள் சாவதில்லை. நான்காவது வரி அப்படிப்பட்டதல்ல. 'குளிரில் மரத்துப்போன கால்களை உடனடியாகச் சூடுபடுத்துங்கள்.'

எதில்? இங்கே சூடு என்றால் ஒன்றே ஒன்றுதான். குழாய். உறை கிழிந்த இடத்தில் கை பட்டால் மூன்று எண்ணுவதற்குள் இழுத்துக்கொள்வோம், கைக்கு உணர்ச்சி இருப்பதால். மரத்த காலுக்கு அது கிடையாது. கால் வெந்துகொண்டிருக்கும், ஆள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருப்பான். தீக்காயப் பிரிவில் இருபத்துமூன்று ஆண்டு தரை துடைத்தவள் நான். அப்படி வந்த கால்களைப் பார்த்திருக்கிறேன், அவை எப்படித் திரும்பிப் போயின என்பதையும் பார்த்திருக்கிறேன். நீ கல்லூரியில் படித்தாய். நான் டாக்டர்கள் கட்டிலருகே பேசியதைக் கேட்டும், அவர்கள் கழித்துப் போட்ட புத்தகங்களைப் பொறுக்கியும் படித்தேன். யார் படிப்பு இங்கே செல்லும் என்று நீயே முடிவு செய்துகொள்.

22ஆம் தேதி நீ வண்டியருகே வந்து உரையாற்றப் போவதாகக் கலிபா சொன்னாள். அதற்குள் அந்த வரியை எடு.

சாய்ராகான்


நவம்பர் 16, 2018

என்றும் என் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி ரிஸ்பெக்கின் வணக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நலமாக இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் போதும். எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். என் பெரிய மகளை மழலை பேசும் வயதில் நீங்கள் பார்த்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அம்மாவின் நினைவு விருந்தில் நடந்ததை இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கூட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எனக்கே தெரியாமல் போனது. அதற்காக ஒரு வீட்டை விட்டுப் போவார்களா, அக்கா? கிழக்குப் பக்க அறை காலியாகத்தான் இருக்கிறது. வாருங்கள்.

நான்காவது வரி பற்றி. அதில் முதலில் 'வெதுவெதுப்பான நீரில்' என்றுதான் இருந்தது. ஒப்புதல் கூட்டத்தில் எங்கள் இயக்குநர், 'அவர்களுக்கு வெந்நீர் ஏது?' என்று கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் அந்தச் சொற்களை நீக்கினோம். மூன்று மருத்துவர்கள் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஐயாயிரம் பிரதி அச்சாகிவிட்டது. பொதுவான அறிவுள்ள யாரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

22ஆம் தேதி இயக்குநரும் வருகிறார். அன்று மட்டும் சற்றுப் பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நிழலில் வளர்ந்த
ரிஸ்பெக்


நவம்பர் 23, 2018

ரிஸ்பெக்குக்கு,

முதல் வரிக்குக் கிடைத்த வெந்நீர் நான்காவது வரிக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டதா? மூன்று மருத்துவர்கள், ஒரு இயக்குநர், நீ. ஐந்து தலைகள் கூடி ஒரே தாளைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு தலையாவது கழுத்துக்கு மேல் இருந்திருக்கலாம்.

விருந்தைப் பற்றி நீ எடுத்ததால் சொல்கிறேன். வீடு கடைசி மகனுக்கு என்பது நம் வழக்கம். அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அம்மாவின் மூத்த பிள்ளை நான். கறி பங்கு வைக்கும்போது மூத்தவளுக்குரிய இடுப்பெலும்பை உன் மாமியார் தட்டில் வைத்தாய். எனக்குப் புது மருமகள்களுக்குப் போடும் துண்டு, கதவோரத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில். தெரியாமல் நடந்ததாம். பங்கு வைத்த கத்தி உன் கையில்தான் இருந்தது.

சரி, நேற்றைய உரைக்கு வருகிறேன். அங்கே நின்று பேசியது நீ. எப்படி இருந்தது என்று கேட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முப்பது பேர் பனியில் நிற்கிறோம். சூப்புக் கொப்பரையிலிருந்து ஆவி வருகிறது. "மொதல்ல பேச்சு, அப்புறம் சூப்பு" என்று கலிபா சொல்லிவிட்டாள், பாவம், அவளுக்கு வந்த உத்தரவு. நீ இல்லாத குழாயைத் திறந்து, இல்லாத சோப்பைக் குழைத்து, இருபது வரை எண்ணினாய்.

"தண்ணிய மூடுங்க டாக்டர் ஐயா, வீணாப் போகுது!" என்று கத்தியது விதாலி. என் வயதுக்காரன், டிராலிபஸ் ஓட்டியவன். மூக்குக்கண்ணாடி உடைந்ததிலிருந்து எழுத்து எதுவும் தெரியாது. உன் அறிக்கையை அவனுக்குப் படித்துக் காட்டியது நான்தான்.

பக்கத்தில் நின்றவள், "துண்டு குடுங்க, தொடச்சுக்கட்டும்" என்றாள். நீ சிரித்தாய். உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

அப்புறம் விதாலி நிஜமாகவே ஒன்று கேட்டான். "வெளயாட்டு இருக்கட்டும். கால் மரத்துப் போச்சுன்னா என்ன பண்றது?"

"உடனே சூடு பண்ணணும். ஒரு நிமிஷம்கூடத் தாமசிக்கக் கூடாது."

"எதுல?"

"எது கெடைக்குதோ அதுல."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "ரிஸ்பெக், கொழாய்ல வைக்கக் கூடாதுன்னு சொல்லு. அதையும் சொல்லிட்டுப் போ."

உன் பக்கத்தில் நரித்தோல் தொப்பியோடு நின்ற இயக்குநர், "யாரு அது?" என்று கேட்டார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. "இங்க வர்ற ஒரு அம்மா. கொஞ்சம் அப்படித்தான்."

படம் எடுத்தீர்கள். போனீர்கள். எங்கள் சூப்பு ஆறிவிட்டது.

"என்ன சாய்ரா, தம்பி தம்பின்னே. அவருக்கு ஒன்னத் தெரியவே தெரியாதாமே" என்று இரண்டு நாள் பேச்சுக்கு அவர்களுக்குப் பொருள் கொடுத்துவிட்டுப் போனாய். எனக்கு அதெல்லாம் உறைக்காது. நான்காவது வரி இன்னும் அப்படியே இருப்பதுதான் உறைக்கிறது.

சாய்ராகான்


டிசம்பர் 3, 2018

அன்புள்ள அக்கா,

அன்று இயக்குநர் பக்கத்தில் இருந்தார். வாயில் என்ன வந்ததோ அதைச் சொல்லிவிட்டேன். மனதில் வைக்காதீர்கள். கலிபாவிடம் ஆறு ஜோடி கம்பளிக் காலுறை கொடுத்தனுப்பியிருக்கிறேன். வரியை மாற்றுவது அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்.

ரிஸ்பெக்


ஜனவரி 13, 2019

ரிஸ்பெக்குக்கு,

பரிசீலித்து முடித்துவிட்டீர்களா? அவசரமில்லை. விதாலியின் இடது காலை வெட்டிவிட்டார்கள்.

கணுக்காலுக்கு மேலே. வலது காலில் நான்கு விரல் போனது. எப்படி என்று எழுதுகிறேன், நீ முழுவதும் படி.

வியாழக்கிழமை கலிபா பெண்களைக் குளியல் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பனி கொட்டி வண்டி நின்றுவிட்டதால் அங்கேயே தங்கினோம். விதாலி சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு நனைந்த பூட்ஸோடு திரும்பியிருக்கிறான். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி குளிர். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லையாம். உறை கிழிந்த இடமாகத் தேடி, இரண்டு காலையும் குழாயில் ஒட்டி வைத்துப் படுத்துவிட்டான்.

காலையில் குழியின் மூடியைத் தூக்கியதுமே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. இருபத்துமூன்று ஆண்டு அந்த வாடையில் வேலை பார்த்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விதாலி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். "சாய்ரா, ஒந்தம்பி கெட்டிக்காரன்டி. எவ்வளவு எதமா இருக்கு தெரியுமா!" என்றான். காலை எடுத்தேன். காலுறையோடு தோலும் வந்தது. அப்போதும் அவனுக்கு வலிக்கவில்லை. வலி அப்புறம் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவனைத் திட்டினேன். "கொழாய்ல வைக்காதேன்னு எத்தன தடவ சொன்னேன்?"

அவன் சொன்னான்: "நீ எதத்தான் வேணாம்னு சொல்லல? கை கழுவுறதயும் கிண்டல் பண்ணே, காலொற மாத்துறதயும் கிண்டல் பண்ணே. டாக்டர் நேர்ல வந்து சொன்னாரு. நாலாவதையும் நீ சும்மாத்தான் வையிறேன்னு நெனச்சேன்."

அது உண்மை. மூன்றாவது வரி சரியான வரி. ஈரக் காலுறையை மாற்றத்தான் வேண்டும். நீ எழுதியது என்பதற்காக அதையும் சேர்த்துச் சிரித்தேன். சிரித்த வாயால் சொன்ன எச்சரிக்கை சிரிப்போடு போய்விட்டது. இது என் பங்கு. என் பங்கை நான் எழுதிவிட்டேன், ஒரு சொல் குறைக்கவில்லை. உன் பங்கை நீ எழுது.

சாய்ராகான்


ஜனவரி 18, 2019

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நம்புவீர்களா என்று தெரியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் நிலையத்துக்கு விசாரணை வந்திருக்கிறது. நோயாளி 'அறிக்கையில் சொன்னபடி செய்தேன்' என்று சொல்லியிருக்கிறார். இயக்குநர் என்னை அழைத்துப் பேசினார். வரியை அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் எடுத்துவிடுவோம் என்கிறார். ஆனால் விசாரணை முடிய ஒரு சாட்சியம் தேவைப்படுகிறது. உடன் தங்கியிருந்தவர் என்ற முறையில் நீங்கள் இரண்டு வாக்கியங்களில் கையெழுத்திட்டால் போதும்: 'அன்று விதாலி மது அருந்தியிருந்தார். துண்டறிக்கையை அவர் படிக்கவில்லை.' இரண்டாவது வாக்கியம் உண்மைதானே? அவருக்குத்தான் எழுத்து தெரியவில்லையே.

கையெழுத்தானால் விதாலிக்கு வசந்தம் வரை காப்பகத்தில் ஒரு படுக்கை உறுதி. இயக்குநர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு காலோடு அவர் மறுபடி அந்தக் குழிக்குள் இறங்க முடியாது, உங்களுக்கே தெரியும். உங்களுக்குக் கிழக்கு அறை எப்போதும் உண்டு. எனக்கு என் வேலை. இரண்டு பெண் குழந்தைகள், அக்கா.

தாள் இணைத்திருக்கிறேன்.

ரிஸ்பெக்


ஜனவரி 21, 2019

ரிஸ்பெக்குக்கு,

இரண்டு வாக்கியம். ஒன்று பொய், மற்றொன்று பொய்க்கு வேலை பார்க்கும் உண்மை. இதை எழுத எத்தனை பேர் கூடினீர்கள்?

ஆனால் படுக்கை என் சொத்தில்லை, வேண்டாம் என்று சொல்ல. அதனால் தாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விதாலிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். இம்முறை சிரிக்காமல் படித்தேன். காப்பகம், கட்டில், வசந்தம் வரை, எல்லாம் சொன்னேன்.

"குடிச்சிருந்தேன்னு எழுதணுமா?" என்றான்.

"ஆமா."

"பத்து வருஷத்துல அன்னக்கி ஒருநாள்தான்டி குடிக்கல. சந்தையில கூலி தரல, அதனால குடிக்கல. இருந்த ஒருநாளயும் புடுங்கிக்கிறாங்களா?" பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "கட்டில அவங்களயே படுத்துக்கச் சொல்லு."

எனவே உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கூடவே என் சாட்சியத்தையும் வைத்திருக்கிறேன். நான்காவது வரி எப்படி இருந்தது, 'நீர்' என்ற சொல்லை யார் கேட்டு யார் வெட்டியது, 22ஆம் தேதி கேட்ட கேள்வி, அதற்கு வந்த பதில், அன்று அவன் குடிக்கவில்லை என்பது. நான் எல்லா வரிகளையும் கேலி செய்ததும் இருக்கிறது; ஆஸ்பத்திரிக்காரர்கள் அதையும் படிக்கட்டும். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

கலிபா இதை நேரே ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுகிறேன் என்றாள். நான் விடவில்லை. உன் கையில்தான் கொடுக்கச் சொன்னேன். வேறு பிரதி கிடையாது. கிழித்து அடுப்பில் போட்டால் எனக்குத் தெரியப்போவதில்லை, விதாலிக்கும் தெரியாது. கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை போகும். குழந்தைகள் என்று எழுதியிருந்தாய். அவர்களுக்காக வருந்துகிறேன். உனக்காக வருந்த என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

உன்னைக் கெஞ்சவில்லை. நீ யார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கடந்த மூன்று ஆண்டுகளாக எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

சாய்ராகான்


ஜனவரி 29, 2019

அக்கா,

நான்கு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், இரண்டாம் நாள் அடுப்புக் கதவைத் திறந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "என்ன தாளு அது?" என்று கேட்டாள். படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அடுப்புக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

நேற்று ஆஸ்பத்திரி விசாரணைக் குழுவிடம் நானே கொடுத்துவிட்டேன். கூடவே என் பெயரில் ஒரு பக்கம் எழுதினேன். 'நீர்' என்ற சொல்லை நீக்கியது என் பேனா. இயக்குநர் இன்று அழைத்தார். பிப்ரவரி முதல் நான் நிலையத்துக்கு வர வேண்டாம். மீந்த அறிக்கைகளை எடுத்துப் போகச் சொன்னார், இரண்டாயிரத்துச் சொச்சம். வீட்டு வாசலில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

விதாலியை வெள்ளிக்கிழமை வெளியே அனுப்புகிறார்கள். காப்பகத்தில் படுக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கிழக்கு அறை காலியாக இருக்கிறது. நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய் விதாலியிடம், வருகிறீர்களா என்று கேட்டேன். "ஒங்க வீட்டுலயும் கைகழுவ இருபது எண்ணணுமா?" என்றார். எண்ண வேண்டாம் என்று சொன்னேன். வருகிறேன் என்றார்.

ரிஸ்பெக்


பிப்ரவரி 4, 2019

ரிஸ்பெக்குக்கு,

கடிதம் கிடைத்தது. பாராட்டுவேன் என்று எதிர்பார்க்காதே. செய்ய வேண்டியதை நான்கு நாள் தாமதித்துச் செய்திருக்கிறாய், அதுவும் பாதியை உன் மனைவி செய்திருக்கிறாள். அவளை நான் குறைவாக எடை போட்டிருந்தேன். அவளிடம் சொல், உன்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

விதாலி நன்றாகச் சாப்பிடுகிறானாம், கலிபா சொன்னாள். கேட்கிறான் என்று அதிகம் கொழுப்பு போடாதே. வெட்டிய காலின் கட்டை நாளுக்கு இருமுறை பிரித்துப் பார். சிவப்பு மேலே ஏறினால் உடனே ஆஸ்பத்திரி. இதை அறிக்கையாக அச்சடிக்காதே, உன் கண்ணால் பார்.

நான் வரமாட்டேன். வீட்டைப் பற்றி இனி எழுதாதே. எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

போன வாரம் முதல் நானே சொல்லிக் கொடுக்கிறேன். தாள் கிடையாது, செய்து காட்டுவது மட்டும்தான். மரத்த காலைத் தேய்க்காதே, குழாயில் வைக்காதே. ஈரத்தைக் கழற்று, துடை, இன்னொரு ஆளின் சட்டைக்குள் விட்டு வெறும் வயிற்றில் வை. ஊசி குத்துவதுபோல் வலி வந்தால் கால் பிழைத்தது. வலி வராமல் வெள்ளையாகவே இருந்தாலோ கொப்புளம் கண்டாலோ கலிபாவின் வண்டி. ஒருமுறை சூடேற்றிய காலை மறுபடி பனியில் விடாதே. இவ்வளவுதான். நான்கு வரிகூட வரவில்லை பார்.

புரிகிறது அவர்களுக்கு. செய்வதுதான் பாடு. "அவன் காலையா? என் வயித்துலயா? அவன் கால் கழுவி எத்தன வருஷம் ஆச்சு!" என்று சண்டை போடுகிறார்கள். "ஒன் வயித்துல என்ன தங்கமா வச்சிருக்கே?" என்று மற்றவன் கேட்கிறான். நேற்று நானே என் வயிற்றைக் கொடுத்தேன். பனிக்கட்டியை விழுங்கியதுபோல் இருந்தது. ஆனால் அரைமணி நேரத்தில் அவன் வலியில் கத்தினான். அப்படி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டு வெகுநாளாகிறது.

எங்களிடம் இருப்பவை எல்லாம் ஒட்டிய வயிறுகள். எலும்பில் வைப்பதும் கல்லில் வைப்பதும் ஒன்று. நீ இருபது ஆண்டு நாற்காலியில் உட்கார்ந்து வளர்த்த வயிறு இருக்கிறது. இரண்டு கால்களுக்குத் தாராளமாக இடம் வரும். இப்போது உனக்கு வேலையும் இல்லை.

வியாழக்கிழமை வா. தொப்பிக்காரர்கள் யாரையும் அழைத்து வராதே. எதுவும் பேசாதே. சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்.

சாய்ராகான்